வடிச்சல்



மாரி தொடங்கிவிட்டது. நேற்று அஸருக்குப் பிறகு எங்கள் வளவைக் கடந்து போன இரண்டு பேர் நின்று கேட்டார்கள். "கூரையில கதவு வெச்ச கார மழைக்குள்ள நிப்பாட்டி வெச்சிருக்கிங்களே, தண்ணி உள்ளுக்குப் போகாதா?"

போகும் என்றோம். அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். ஆனால் அதுதான் உண்மையான பதில். அதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு இரண்டு மாரி எடுத்தது. கொஞ்சம் நீளமான கதை. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

நாங்கள் என்றால் வாப்பாவின் இரண்டு ஆண் மக்கள். மூத்தவர் கடை வைத்திருக்கிறார். இளையவர் பள்ளிக்கூட வாத்தியார். இதில் நடந்த பிழை இரண்டு பேருடையதும் என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

வாப்பாவை ஊரில் பலருக்குத் தெரியும். விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்மாந்துறைக் கண்டங்களில் அவர் கால் படாத வரம்பு குறைவு. அவருடைய கார் 1967ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பீட்டில், ஸ்ரீ இலக்கம். ஊரில் ஆமைக் கார் என்பார்கள். பதுளைப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்த ஒருவரிடம் 1986இல் வாங்கினார். எஞ்சின் பின்னுக்கு, சாமான் வைக்கும் பெட்டி முன்னுக்கு, ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே எஞ்சின் ஆறும். இதெல்லாம் அந்தக் காலத்து எல்லா பீட்டிலிலும் உண்டு. எங்கள் காரில் உள்ள விசேஷம் கூரையில் உள்ள சன்ரூஃப்.

பழைய பீட்டில்களில் சன்ரூஃப் என்றால் துணியால் செய்தது, மடித்துத் திறக்க வேண்டும். 1964 மொடலிலிருந்து அதை இரும்புத் தகட்டில் செய்தார்கள். கண்ணாடிக்கு மேலே, கூரையின் உட்புறத்தில் மடித்து வைக்கிற சின்னக் கைபிடி இருக்கும். அதைச் சுற்றினால் தகட்டின் பின்பக்கம் முதலில் கொஞ்சம் கீழே இறங்கும், பிறகு தகடு கூரைக்குள்ளே வழுக்கிக்கொண்டு பின்னால் போகும். திருப்பிச் சுற்றினால் முன்னுக்கு வந்து, கடைசியில் பின்பக்கம் மேலே எழும்பி கூரையோடு சமமாக நிற்கும். சின்ன வயதில் அந்தக் கைபிடியைச் சுற்ற எங்களுக்குள் சண்டை. மஹியங்கனையால் கண்டிக்குப் போகிற பதினெட்டு வளைவு ஏறும்போது வாப்பா கூரையைத் திறந்துவிடுவார். மரங்கள் தலைக்கு மேலால் போகும். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் நிற்பாட்டிய ஆமிக்காரர்கள்கூட அந்தக் கைபிடியை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போக விடுவார்கள்.

2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாப்பாவுக்கு பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டால் அப்படி நடக்கும் என்று ஆஸ்பத்திரியில் விளங்கப்படுத்தினார்கள். சில மாதங்களில் ஒன்றிரண்டு சொற்கள் திரும்பி வந்தன. 'தண்ணி', 'உம்மா', 'போ', 'இல்ல'. நினைத்த சொல் வராமல் வேறு சொல் வரும். அவர் கையை உதறிக் கோபப்படுவார். எங்களுக்கு அழுகை வரும்.

அந்த வருடம் நாட்டில் பெற்றோல் இல்லை. வரிசைகளும் அதற்குப் பின் வந்த கியூ.ஆர். முறையும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கிடைத்த பெற்றோலை மோட்டார் சைக்கிளுக்கு வைத்துக்கொண்டோம். கார் வேப்ப மரத்தடியில் பல மாதம் அசையாமல் நின்றது. பூவும் சருகும் அதன்மேல் கொட்டின. பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் உள்ளே துப்புரவாக்கினோம். முன் பெட்டியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் தடித்த தங்கூசி ஒரு சுருள், ஒரு பழைய பல் தூரிகை, ஒரு சின்னக் கோப்பை. தங்கூசியின் ஒரு நுனி நெருப்பில் காட்டி உருட்டியிருந்தது. வாப்பா ஒருநாளும் மீன் பிடிக்கப் போனவர் இல்லை. குப்பை என்று நினைத்து டின்னோடு வீசிவிட்டோம்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் கார்க் கதவைத் திறந்தால் உள்ளே குளம். கூரையின் உள் துணி ஊறித் தொங்கியது. முன் சீற்றில் கை வைத்தால் பஞ்சில் வைத்த மாதிரித் தண்ணீர் வந்தது.

காரணம் எங்களுக்குத் தெளிவாக இருந்தது: சன்ரூஃபின் பீடிங் பழசாகிவிட்டது, அதனால் ஒழுகுகிறது. முதலில் வயலில் நெல்லுக்குப் போடுகிற படங்கை எடுத்து மூடினோம். மழை நின்று வெயில் வந்ததும் படங்குக்குக் கீழே ஆவி பிடித்தது. காற்றுக்கு அது அடித்து அடித்துப் பெயின்ரையும் உரசிவிட்டது. பிறகு ஹார்ட்வெயார் கடையில் இரண்டு டியூப் சிலிக்கோன் வாங்கி வந்து, தகட்டைச் சுற்றி விரலால் இழுத்து அடைத்தோம். வினாகிரி மணந்தது. 'இனி ஒரு சொட்டும் போகாது' என்று இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டோம்.

அன்று வாப்பா விறாந்தையில் கதிரையில் இருந்தார். நாங்கள் சிலிக்கோன் இழுக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று சத்தம் போட்டார்.

"வடிச்சல்."

திரும்பிப் பார்த்தோம். இடது கையைத் தூக்கி எங்கள் பக்கம் காட்டினார். "வடிச்சல்… வடிச்சல்…"

வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காக: வயலில் தேவைக்கு மிஞ்சிய தண்ணீர் வெளியேறுகிற வாய்க்காலை எங்கள் பக்கம் வடிச்சல் என்போம். அது பெரும்போக விதைப்புக் காலம். முளை நெல் வீசிய வயலில் தண்ணீர் நின்றால் விதை அழுகிவிடும். நாற்பது வருடமாக விவசாயிகளுக்கு அதையே சொல்லித் திரிந்த மனிசனுக்கு வயல் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தோம்.

"வயல் சரி வாப்பா. தண்ணி எல்லாம் வடிஞ்சிட்டு" என்றோம்.

"இல்ல. இல்ல. வடிச்சல்."

"வட்டவிதானையிட்டயும் சொல்லிட்டம் வாப்பா. நீங்க யோசிக்காதிங்க."

அவர் கதிரைக் கையில் அடித்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். உம்மா வந்து அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அந்த மாரி முழுக்க இது நடந்தது. மழை பெய்தால் வாப்பா யன்னலடிக்கு வருவார். 'வடிச்சல்' என்பார். நாங்கள் 'வயல் சரி' என்போம். ஒருதரம் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் வயலையே காட்டினோம். பச்சைப் பசேல் என்று பயிர் நின்றது. வாப்பா பயிரைப் பார்க்கவே இல்லை. எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அன்று எங்களுக்கு அர்த்தம் தெரியவில்லை.

அடுத்த மாரியில் கார் முந்தியதைவிட மோசமானது. சிலிக்கோன் வெயிலில் வெடித்து அங்கங்கே விலகியிருந்தது. தண்ணீர் முந்தியதைவிடக் கூடுதலாக உள்ளே வந்தது. கூரையைத் திறந்து காயவிடவும் வழியில்லை, நாங்களே ஒட்டி வைத்துவிட்டோமே. பீட்டிலில் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. சீற்றைத் தூக்கிப் பார்த்தால் பற்றரி நிற்கிற தகடு பப்படம்போல நொறுங்கியது. விரலை வைத்தால் கீழே மண் தெரிந்தது.

வாகன இறக்குமதியை 2020இல் நிற்பாட்டிய பிறகு பழைய கார்களுக்கெல்லாம் நல்ல விலை வந்திருந்தது. தங்கச்சியின் வீடு கூரை மட்டத்தில் நின்றுபோயிருந்தது. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து காரைப் பார்த்தார். பின் சீற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தொலைபேசியில் சொன்ன விலையைப் பாதியாகக் குறைத்தார். நாங்கள் அதற்கும் சம்மதிக்கிற நிலைமையில் இருந்தோம். ஒரு கிழமை தவணை கேட்டோம்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும். கார் வாப்பாவுடையது. அவர் அடுத்த அறையில் இருந்தார். விற்கப் போகிறோம் என்று அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு என்ன விளங்கப் போகிறது என்று நினைத்தோம்.

கொடுக்க முதல் தகட்டையாவது ஒட்டிக் கொடுத்தால் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்று, அம்பாறையில் ஒரு வயதான டிங்கர் பாஸிடம் காரைக் கொண்டுபோனோம். சிங்களவர். பழைய கார்களோடு வாழ்க்கையைக் கழித்தவர். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். சிலிக்கோனை விரலால் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"யார் இந்த வேல செஞ்சது?"

நாங்கள் பேசவில்லை.

பிளாஸ்டிக் கட்டையால் சிலிக்கோனை மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்தார். அது இருந்த இடங்களில் பெயின்ற் உரிந்து கறல் பிடித்திருந்தது. வினாகிரி மணக்கிற சிலிக்கோன் காயும்போது அமிலம் விடும், பெயின்ற் இல்லாத இரும்பில் அது பட்டால் கறல் பிடிக்கும் என்றார். பிறகு கைபிடியைச் சுற்றிக் கூரையைத் திறந்தார். தகடு இருந்த இடத்தைச் சுற்றி ஒரு பீலி தெரிந்தது. வீட்டுக் கூரைக்குப் போடுகிறோமே, அதே மாதிரிப் பீலி. அதன் முன்பக்கம் முழுக்க வேப்பஞ் சருகும் பூவும் புழுதியும் உக்கி, கறுத்த சேறாகக் கிடந்தன.

பாஸ் அந்தச் சேற்றை விரலால் வழித்தார். மூலையில் பென்சில் மொத்தத்தில் ஒரு துவாரம் வந்தது. "இது பாத்தீங்களா?"

இல்லை என்றோம்.

அவர் எங்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். சன்ரூஃபைச் சுற்றி இருக்கிற பட்டி தண்ணீரை முழுக்கத் தடுப்பதற்குச் செய்ததில்லை. அது வெல்வெட் மாதிரித் துணி பதித்த பட்டி, பெரிய தண்ணீரைத் தடுக்கும். மிச்சம் உள்ளே வரும். வரத்தான் வேண்டும். அதற்காகத்தான் பீலி. பீலியில் விழுகிற தண்ணீர் மூலைத் துவாரத்தால் ஒரு குழாய்க்குள் இறங்கி, கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணுக்குள்ளால் கீழே வந்து, முன் கதவுப் பிணைச்சல் பக்கத்தால் வெளியே போய்விடும். குழாய் திறந்திருந்தால் எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. குழாய் அடைபட்டால் பீலி நிரம்பும். நிரம்பினால் காருக்குள்ளேதான் வழியும். மேலே எத்தனை சிலிக்கோன் பூசினாலும் அதுதான் நடக்கும்.

"மேல அடைக்க வேணாம் மாத்தயா. கீழ தொறக்கணும். ட்ரெயின். ட்ரெயின் பாக்கணும்."

எங்களில் மூத்தவர், மற்றவருக்கு விளங்கவில்லையோ என்று நினைத்து அதைத் தமிழில் சொன்னார்: "வடிச்சல்."

சொன்ன வாய் மூடவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பாஸ் "என்ன, என்ன?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. காக்கா வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மாரி. வாப்பா எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரிடம் இருந்த பத்துப் பதினைந்து சொற்களில் சரியான சொல்லைத் தேடி எடுத்து, கையால் இடத்தையும் காட்டி, சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் அவரை ஆட்டோவில் ஏற்றி வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

எங்களில் ஒருவர் கலாசாலையில் இரண்டு வருடம் படித்தவர். அங்கே ஒரு விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார்: பிள்ளை பிழையான விடை சொன்னால் உடனே பிழை போடாதே. அது எந்தக் கேள்விக்குச் சரியான விடை என்று முதலில் யோசி. வகுப்பில் பிள்ளைகளோடு அதைச் செய்கிறோம். செய்கிறோம் என்று மேலதிகாரிகளுக்கு எழுதியும் கொடுக்கிறோம். வீட்டில் பெற்ற தகப்பனுக்கு அதைச் செய்யவில்லை. பேச்சுப் போனவருக்குப் புத்தியும் போய்விட்டது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நேர்மாறாகத்தான் சொன்னார்கள். அவருக்கு விளங்கும், சொல்ல வராது, அவ்வளவுதான், பொறுமையாகக் கேளுங்கள் என்றார்கள். கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தோம்.

அன்று இரவு உம்மாவிடம் கேட்டோம். "ஓம், ஒவ்வொரு வருஷமும் விதைப்புக்கு முந்தி உங்கட வாப்பா கார்ட கூரைக்குள்ள தலைய உட்டுக்கிட்டு நிப்பாரு. தங்கூசிய உட்டு உட்டு எடுப்பாரு. கோப்பையால தண்ணி ஊத்திப் பாப்பாரு. நீங்க காணல்லியா?"

கண்டிருக்கிறோம். ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பிஸ்கட் டின்னை வீசியதும் நாங்கள்தான்.

மறுநாள் கொழும்புக்காரருக்கு அழைத்து, கார் விற்பதற்கில்லை என்றோம். தங்கச்சியின் வீட்டுக்கு வேறு வழி பார்த்தோம். கடையில் ஒரு சீட்டு எடுத்து, சம்பளத்தில் ஒரு கடனும் எடுத்தோம். இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த முடிவு கணக்குக்குச் சரியா பிழையா என்று கேட்டால் பிழையாகக்கூட இருக்கலாம். தங்கச்சி ஒரு சொல் சொல்லவில்லை. அதற்கு அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

பாஸ் பற்றரித் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டினார். குஷன் பாஸ் ஒருவர் கூரைத் துணியை மாற்றினார். வெல்வெட் பட்டி கொழும்பில் ஒரு உதிரிப்பாகக் கடை மூலம் வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம் எடுத்தது. வடிச்சலைத் திறந்தது மட்டும் நாங்கள். தங்கூசி புதிதாக வாங்கி, வாப்பா செய்திருந்த மாதிரியே நுனியை நெருப்பில் காட்டி உருட்டினோம். உருட்டாவிட்டால் கூர்நுனி பழைய குழாயைக் குத்திவிடும் என்று அப்போதுதான் விளங்கியது. டயர்க் கடைக் காற்றை அடித்தால் சுகம் அல்லவா என்று கேட்டதற்கு பாஸ் மறித்தார். அமுக்கத்துக்குக் குழாய் மூட்டிலிருந்து கழன்றால் தண்ணீர் தூணுக்குள்ளேயே விழும், பிறகு கூரைத் துணியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்றார்.

இடப்பக்கக் குழாய் சருகால் அடைபட்டிருந்தது. வலப்பக்கக் குழாயின் கீழ் வாயில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. அது இரண்டும்தான் முழு நோயும். மருந்துச் செலவு ஒரு தங்கூசிச் சுருள்.

காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, வாப்பாவைக் கதிரையோடு தூக்கி முன் கதவுக்குப் பக்கத்தில் வைத்தோம். கூரையைத் திறந்தோம். ஒரு கோப்பைத் தண்ணீரைப் பீலியின் மூலையில் மெதுவாக ஊற்றினோம். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் பிணைச்சலுக்குப் பக்கத்தால் தண்ணீர் வந்து மணலில் விழுந்தது.

வாப்பா குனிந்து பார்த்தார்.

"வடிச்சல், வாப்பா" என்றோம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இடது கையால் கார்க் கதவை இரண்டு தரம் தட்டினார். பிறகு, "ம். போகுது" என்றார்.

நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அதற்கு அவர் ஒரு சொல் சொன்னார். அது 'தேத்தண்ணி'. எந்தக் கேள்விக்கு அது விடை என்று இந்தத் தரம் நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. உம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்.

இப்போது வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வாப்பா ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் பதில் சொல்வதை நிற்பாட்டிவிட்டு, அவர் எங்கே பார்க்கிறார், கை எங்கே காட்டுகிறது என்று பார்க்கிறோம். பொருளைத் தொட்டுக் காட்டி 'இதா?' என்று கேட்கிறோம். சிலநேரம் கால் மணித்தியாலம் எடுக்கும். சிலநேரம் கடைசிவரை விளங்காது. விளங்கவில்லை வாப்பா என்று சொல்லிவிடுகிறோம். விளங்கின மாதிரித் தலையாட்டுவதில்லை. அதற்கு அவர் முந்திப்போல் கோபப்படுவதும் இல்லை.

இப்படிக் கூரை திறக்கிற வாகனம் வைத்திருப்பவர்களுக்கு, பழசோ புதுசோ, எங்கள் அனுபவத்திலிருந்து நாலு விஷயம். மழைக்கு முந்தி கூரையைத் திறந்து பீலியைத் துடையுங்கள். கோப்பைத் தண்ணீர் ஊற்றி, அது எங்கே வெளியேறுகிறது என்று கண்ணால் பாருங்கள். வெளியேறாவிட்டால் நுனி உருட்டிய தங்கூசியை மெல்ல விடுங்கள், பலம் போடாதீர்கள். மூடியபின் தகடு கூரையோடு சமமாக நிற்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மரத்தடியில் நிறுத்துபவர்கள் மாதம் ஒருதரம் பாருங்கள். சிலிக்கோன் டியூப்பைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

வீட்டில் பேச முடியாத பெரியவர் இருந்தால், அவர் திரும்பத் திரும்பச் சொல்கிற சொல்லை ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். நாங்கள் எழுதி வைத்திருந்தால் ஒரு மாரி மிச்சப்பட்டிருக்கும்.

இதை எழுதி முடிக்கும்போது மழை பலத்துவிட்டது. வாப்பா காருக்குள் இருக்க வேண்டும் என்று கையைக் காட்டினார். குடை பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் முன் சீற்றில் இருத்தியிருக்கிறோம். கூரையில் மழை அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இடைக்கிடை குனிந்து கதவுப் பக்கம் பார்க்கிறார். போய்க்கொண்டிருக்கிறது.

வாப்பாவுடைய சுகத்துக்காக துஆச் செய்துகொள்ளுங்கள்.